ரீச்சர் நின்ற இடம்

ஒரு கூட்டத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த அரசாங்கத்திடம் நான்கு முறைகள் உண்டு. சுற்றறிக்கை அனுப்பலாம். அறிவித்தல் ஒட்டலாம். ஒலிபெருக்கி பிடிக்கலாம். கடைசியில் பொலிசைக் கூப்பிடலாம். என் உத்தியோக காலம் முழுவதும் இந்த நான்கையும் இதே வரிசையில் செய்து பார்த்தவன் நான். கூட்டம் நகர்ந்ததாக நினைவில்லை. அது தானாகக் களைத்துக் கலையும். நாங்கள் அதை எங்கள் வெற்றியாக அறிக்கையில் எழுதுவோம்.

எங்கள் ஒழுங்கையில் இருந்த ரீச்சர் ஐந்தாவது முறை ஒன்று வைத்திருந்தார். அவர் போய் ஓரிடத்தில் நிற்பார்.

நான் அதை முதலில் கண்டது மண்ணெண்ணெய் வரிசைக் காலத்தில். எங்கள் வரிசைக்குப் பக்கவாட்டில் இரண்டாவது வரிசை ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது. அப்படி முளைக்கும் வரிசைகள் கைகலப்பில் முடிவதுதான் வழக்கம். ஆம்பிளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் வெறும் கலனோடு போய், அந்த இரண்டாவது வரிசை தொடங்குகிற மூலையில் நின்றார். யாரையும் பார்க்கவில்லை. குடையை விரித்து, கம்பி ஒன்று வளைந்திருந்ததை நிமிர்த்திக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவர்கள் அவரைக் கண்டதும் கொஞ்சம் தயங்கி, பிறகு ஒருவர் பின் ஒருவராக முதலாவது வரிசையின் கடைசிக்கு நடந்தார்கள். இரண்டாவது வரிசை, ஆரம்பமே ஆகாததுபோலக் காணாமல் போயிற்று.

"என்ன மந்திரம் ரீச்சர் உது?" என்று கேட்டேன்.

"மந்திரமோ? ஆக்களுக்குப் போறதுக்கு ஒரு வழி வேணும். பிழையான வழியில நாங்கள் நிண்டிட்டால், சரியான வழி அவையின்ரை கண்ணிலை தானாப் படும். துரத்தினால் ஓடத்தான் செய்வினம் தம்பி. ஓடுறது ஒண்டும் போய்ச் சேராது."

மெலிந்த, கட்டையான உருவம். பருத்திச் சேலை. ஒரு பெண்கள் பாடசாலையில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வலைப்பந்தாட்டமும் பழக்கியவர். பேரப்பிள்ளை கண்ட அவருடைய பழைய மாணவிகள்கூட அவரைச் சந்தையில் கண்டால் மரக்கறிப் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி நிமிர்ந்து நிற்பார்கள். ஏன் மாற்றுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கலியாணம் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று கேட்கும் துணிவு எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் இருக்கவில்லை. இது எங்கள் ஒழுங்கையைப் பொறுத்தவரை பெரிய விசயம்.

அவர் இப்போது இல்லை. அவரை நினைக்கும்போது அவரோடு சேர்ந்து நினைவில் வருவது ஒரு நாய்.

அது அவருடைய பெறாமகனின் நாய். தமக்கையின் மகன். அவுஸ்திரேலியாவிலிருந்து "இனி ஊரோடைதான்" என்று மனைவியையும் நாயையும் கூட்டிக்கொண்டு வந்தவன். நாயொன்று இந்த நாட்டுக்குள் நுழைவது மனிதர் நுழைவதைவிடக் கண்ணியமான காரியம். முன்கூட்டியே இறக்குமதி அனுமதி, விசர்நாய்த் தடுப்பூசிக்குச் சான்று, அங்குள்ள அரசாங்க மிருக வைத்தியரின் கையொப்பம், வந்து இறங்கியதும் பரிசோதனை. எல்லாவற்றையும் அவன் என்னைக் கேட்டுத்தான் செய்தான். ஆகவே நாயின் விசயத்தில் ஒரு குறையும் நடக்கவில்லை. குறை முழுவதும் மனிதர் விசயத்தில் நடந்தது. மின்வெட்டு, நுளம்பு, நாளுக்கு இரண்டு தரம் வந்து புத்தி சொல்கிற சொந்தங்கள். வருடம் ஒன்று முடிவதற்குள் பெட்டி கட்டிவிட்டார்கள்.

"சித்தி, மூண்டு மாசத்திலை வந்து மெக்கைக் கூட்டிக்கொண்டு போறன்."

"ஓம்," என்றார் ரீச்சர், அவன் வரமாட்டான் என்று தெரிந்தவரின் குரலில்.

ஸ்கொட்லாந்து எல்லைப்புறத்தில் செம்மறி மேய்ப்பதற்கென்றே வளர்த்தெடுத்த இனமாம். கறுப்பும் வெள்ளையும். நடுத்தர உயரம். ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். வெளிநாட்டு நாய் என்று பார்க்க வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். "எங்கடை சந்தி நாயைச் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வார்த்த மாதிரிக் கிடக்கு," என்றார் என் மனைவி. மெக் என்ற பெயரும் ரீச்சர் வாயிலும் என் வாயிலும் தவிர நிலைக்கவில்லை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பெண்கள் அதை மேகலா ஆக்கினார்கள்.

வேலையில்லாத அந்த இனத்தைப் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. வளவின் மதிலோரமாக அது சுற்றிச் சுற்றி நடந்ததில் புல் செத்து ஒரு பாதையே விழுந்துவிட்டது. கோழிகளைக் கிணற்றுக்கட்டின் மூலையில் ஒன்றுசேர்த்து வைத்துக்கொண்டு காவல் இருக்கும். கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. ஒழுங்கையால் மோட்டார் சைக்கிள் போனால் கேற்றுக்குக் கீழே முகத்தை வைத்து, சில்லைக் கண்ணால் பிடிக்கப் பார்க்கும். குரைப்பு இல்லை. கடி இல்லை. பார்வை மட்டும்தான்.

அதன் உண்மையான சுபாவம் என் மாமியாரின் அந்தியேட்டி அன்றுதான் எனக்கு விளங்கிற்று. முப்பத்தோராம் நாள் கிருத்தியம் முடிந்து முதற்பந்திக்கு இலை போட்டாயிற்று. வந்த ஆம்பிளைகளோ வளவு முழுக்கச் சிதறி நிற்கிறார்கள். கேற்றடியில் அரசியல், மாமரத்தடியில் காணி வழக்கு, கிணற்றடியில் சீனி வருத்தம். மைத்துனர், "பந்திக்கு வாங்கோ, பந்திக்கு வாங்கோ" என்று கத்துகிறார். எங்கள் ஊரில் ஒரு தரம் கூப்பிட்டதும் பந்திக்குப் போகிறவன் பட்டினி கிடந்தவன் என்று பெயரெடுப்பான். ஆகவே ஒருவரும் அசையவில்லை.

மெக் எப்படியோ வந்துவிட்டது. மதிலோரமாகப் பெரிய வட்டம் ஒன்று போட்டு, கேற்றடிக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றது. கொஞ்சம் குனிந்து ஓரடி வைத்தது. அரசியல் பேசியவர்கள் பேச்சை நிறுத்தாமலே ஓரடி உள்ளே வந்தார்கள். அது மாமரத்தடிக்குப் போயிற்று. காணி வழக்கு நகர்ந்தது. பிறகு கிணற்றடி. ஒருவரையும் தொடவில்லை, ஒருவரும் அதைப் பார்த்ததாகவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தனை ஆம்பிளைகளும் பந்தலுக்குள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நாங்கள் எப்ப இஞ்சை வந்தனாங்கள்?" என்று கேட்டார் ஓய்வு பெற்ற பொறியியலாளர் ஒருவர்.

"வந்ததுதான் வந்திட்டியள், இருங்கோ," என்று மைத்துனர் சோற்றை வைத்துவிட்டார்.

ரீச்சர் நாயைத் தேடி வந்தார். "குறை நினையாதேங்கோ. உதுக்கு ஆக்கள் சிதறிக் கிடந்தால் பொறுக்காது," என்றார். பிறகு பந்தலுக்குள் சம்மணமிட்டிருந்த ஆம்பிளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாயைப் பார்த்தார். அதுவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே உத்தியோகத்தில் இருந்த இரண்டு பேர் வேற்றூர் பஸ் நிலையத்தில் சந்தித்துக்கொண்டதுபோல இருந்தது எனக்கு.

"உதுக்கு வேலை குடுக்க வேணும் தம்பி. இல்லாட்டி விசர் பிடிச்சிடும்."

அடுத்த கிழமை ரீச்சர் செம்மறி வாங்கினார்.

ஒழுங்கை வாய்விட்டு அழாத குறை. முன்வீட்டு அக்கா எல்லோருக்கும் சார்பாகப் போய்க் கேட்டார்: "ரீச்சர், பென்சன் காணாமல் போச்சோ? படிச்ச பொம்பிளை, உப அதிபரா இருந்தனியள், போயும் போயும் ஆடு மேய்க்கிறதோ?"

"இவ்வளவு காலமும் பள்ளிக்கூடத்திலை நான் என்ன செய்தனான் எண்டு நினைச்சனீங்கள்?" என்று கேட்டார் ரீச்சர்.

அவருக்கு மருதனார்மடத்துக்கு அங்காலே தகப்பன்வழித் தோட்டக்காணி ஒன்று இருந்தது. செம்மண். அதற்குப் பின்னால் பனங்காணி. ஆடுகள் அங்கே ஒரு கொட்டிலில் நின்றன. விடிந்ததும் ஓட்டோவில் நாயோடு போவார். கைத்தொலைபேசியில் மேய்ப்பர்களின் காணொளிகளைப் பார்த்துப் பாடம் செய்தார். கட்டளைக்கு, தன் பழைய வலைப்பந்தாட்ட விசிலை எடுத்துக்கொண்டார். கட்டையாக ஒன்று ஊதினால் இடம், இரண்டு ஊதினால் வலம், நீளமாக இழுத்தால் படு. பொம்பிளை ஒருத்தி தோட்டத்தில் நின்று விசில் அடிப்பதைப் பார்க்க வீதியோரம் சைக்கிள்கள் நின்றன. அப்படி நின்றவர்களுக்குள், பள்ளி நாளில் விசிலடித்ததற்காக ரீச்சரிடம் தண்டனை வாங்கிய பெண் ஒருத்தியும் இருந்தாளாம். அவள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றே பார்த்தாள் என்று கேள்வி.

நானும் ஒருநாள் போனேன். பென்சன்காரனுக்குக் காலையில் வேறு என்ன வேலை.

நான் பார்த்ததை மிகைப்படுத்தாமல் எழுத முயல்கிறேன். ஆடுகள் பனங்காணி முழுவதும் பரந்து நின்றன. ரீச்சர் தோட்டத்து வாசலுக்கு அருகே நின்றார், வாசலில் அல்ல. ஒரு விசில். மெக் புறப்பட்டது. ஆடுகளை நோக்கி அல்ல, அவற்றை விட்டு விலகி, பேரிக்காய் வடிவில் அகன்ற ஒரு வளைவாக ஓடிற்று. செம்மண் தூசுகூட அதிகம் எழவில்லை. ஆடுகளுக்குப் பின்னால் போனதும் வயிறு நிலத்தில் முட்டப் பதிந்தது. முன்னங்கால் ஒன்று அந்தரத்தில் மடிந்து நின்றது. தலை தாழ்ந்து, கழுத்து நீண்டு, கண் மட்டும். அந்தக் கண்ணை எப்படிச் சொல்வது? கோபம் இல்லை. பசி இல்லை. "நீ போவாய் என்று எனக்குத் தெரியும்" என்கிற கண். தலைமை மறியாடு நிமிர்ந்து பார்த்தது. காலால் நிலத்தை ஒருதரம் அடித்தது. மெக் மடித்திருந்த காலை முன்னே வைத்தது, அவ்வளவுதான். ஆடு திரும்பிற்று. அதற்குப் பின்னால் எல்லா ஆடுகளும், ஒரு துணியை ஒரு முனையில் பிடித்து இழுத்ததுபோல, வாசலுக்கு வந்தன. ஓட்டமில்லை, கத்தலில்லை.

நான் தொப்பியைக் கழற்றியிருந்தேன். எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

ரீச்சர் அதை வெயில் ஏறமுன்னம் நிறுத்திவிடுவார். மெக் இன்னும் துடித்துக்கொண்டு நிற்கும். "உது தானா நிக்காது. நெஞ்சு வெடிச்சாலும் ஓடும். குளிர் தேசத்து மயிர், எங்கடை வெயில். நிப்பாட்டத் தெரிஞ்சவையிட்டைதான் உந்த இனத்தைக் குடுக்கலாம்." உடனே கிணற்றுத் தொட்டியில் இறக்கிவிடுவார். இடுப்பு மூட்டைத் தடவிப் பார்ப்பார். கண்ணை விரித்துப் பார்ப்பார். இந்த இனத்துக்கு இடுப்பும் கண்ணும் வலிப்பும் பார்க்க வேண்டியவை. ஆனால் அது நோவைக் காட்டாது, வேலை போய்விடும் என்ற பயம் அதற்கு. அரசாங்கத்தில் நான் அறிந்தவரை நிலைமை நேர்மாறானது.

எல்லாவற்றிலும் அவர் பயந்தது ஒரு மருந்துக்கு. எங்கள் பக்கத்தில் நாய்க்கு உண்ணியோ சொறியோ என்றால் ஆளாளுக்குச் சொல்வது, "மாட்டுக்குப் போடுற ஊசியைப் போட்டுவிடுங்கோ, எல்லாம் கொட்டுண்டிடும்" என்பதுதான். ஐவர்மெக்டின். ஊர் நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மேய்ப்பு இனத்து நாய்களில் சிலவற்றுக்கு மட்டும் மூளை வாசலில் அந்த மருந்தைத் தடுக்கும் காவல் பிறப்பிலேயே இல்லையாம். உள்ளே போய்விடும். மெக் அந்தச் சிலவற்றில் ஒன்று. அவுஸ்திரேலியாவிலேயே சோதித்துச் சொல்லியிருந்தார்கள். ஊசி யோசனை சொல்ல வந்த ஒவ்வொருவருக்கும் ரீச்சர் கோப்பி கொடுத்து, பாடம் போல விளக்கி அனுப்புவார். எங்கள் ஒழுங்கையில் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் ஐவர்மெக்டின் தெரிந்தது அப்படித்தான்.

வெங்காயம் நடுமுன்னம் தோட்டத்தில் பட்டி கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடுகளைத் தட்டி அடைப்புக்குள் விட்டு, சில நாட்கள் அந்த நிலத்திலேயே தங்கவைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குச் சேரும். ரீச்சரின் ஆடுகள் சத்தமில்லாமல் அடைபடுவதைக் கண்ட தோட்டக்காரர் ஒருவர் தன் நிலத்துக்குக் கேட்டார். ரீச்சரின் மந்தை சிறிது, நிலம் பெரிது. ஆகவே தென்மராட்சியிலிருந்து ஒரு பட்டிக்காரரும் தன் மந்தையோடு வந்து சேர்ந்தார்.

நல்ல மனிதர். பெரிய தொண்டை. ஆடுகளின் தாய்வழியைத் திட்டாமல் அவற்றை அவர் ஓரடியும் நகர்த்தியதில்லை. மெக் இரண்டு மந்தைகளையும் ஒன்றாக அடைப்புக்குள் விட்டதைப் பார்த்து, வாய் திறந்தபடி நின்றார். "ஐயா, நான் இவ்வளவு காலமும் வீணாக் கத்தியிருக்கிறன்," என்றார் என்னிடம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ரீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, மெக் குடிகாரன் மாதிரி நடக்குது."

நான் போனபோது விறாந்தையில் கிடந்தது. வாயால் நீர். கால்கள் தனித்தனியாக நடுங்கின. கண்மணிகள் விரிந்து கண் முழுக்கக் கறுப்பு. மிருக வைத்தியர் வந்தார். ரீச்சரிடம் படித்த பிள்ளை. பார்த்ததும் கேட்டார்: "ரீச்சர், ஆராவது ஐவர்மெக்டின் குடுத்ததோ?"

"என்ரை நாய்க்கு ஒருதரும் குடுக்கமாட்டினம்."

"ஆட்டுக்கு?"

"என்ரை ஆட்டுக்கு வேறை மருந்துதான்."

சொல்லி முடிக்கும்போதே ரீச்சருக்கு மற்ற மந்தை நினைவுக்கு வந்தது. பட்டிக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் பெருமையோடு சொன்னார்: "ஓம் ரீச்சர், பட்டிக்கு வரமுன்னம் என்ரை ஆடு முழுக்கப் புழுமருந்து பருக்கினனான். உங்கடை ஆட்டோடை நிக்கப்போகுதுகள். என்ரை ஆட்டாலை உங்கடைக்குப் புழு தொத்தினால் எனக்கெல்லோ மரியாதைக் கேடு."

அந்தப் புழுமருந்தும் ஐவர்மெக்டின்தான். அது ஆட்டுக்குள் போய், புழுக்கையில் இறங்கியிருக்கிறது. மேய்ப்பு நாய்கள் புழுக்கை தின்னும். அது அவற்றின் சுபாவம். மரியாதையால் வந்த வினை. இப்படியொரு பிழையை எங்கள் ஆட்கள்தான் செய்ய முடியும்.

மாற்று மருந்து இல்லை என்றார் வைத்தியர். மூச்சு நிற்காமல் பார்க்க வேண்டும், சேலைன் ஏற்ற வேண்டும், பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், மருந்து தானாக இறங்கும்வரை. நாய் மயக்கத்துக்குப் போயிற்று. ரீச்சர் அதன் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டார். சேலைன் போத்தல் யன்னல் கம்பியில் தொங்கியது. மூடாத கண்ணுக்கு மருந்து விட்டார். நாக்கை நனைத்தார். புரட்டினார். சமையல் என் வீட்டிலிருந்து போயிற்று. பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்தது.

எனக்குத் தெரிந்தது முறைப்பாடு. யாருக்கு எழுதுவது, எந்தச் சட்டம், யாருக்குப் பிரதி, எல்லாம் தயார் என்று சொன்னேன்.

"அந்த மனிசன் எங்கை?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளா மதிலுக்கு வெளியிலை நிக்கிறார். உள்ளுக்கு வரப் பயம்."

ரீச்சர் எழும்பிப் போனார். கேற்றை ஒரு பாதி திறந்து, மற்றப் பாதிக்குப் பின்னால் நின்றார். ஒழுங்கையில் நின்ற பட்டிக்காரர் நிலத்தைப் பார்த்தார், கேற்றைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அதன்பிறகு நாயைப் புரட்டுவதற்கு இரண்டு கைகள் கூடுதலாக இருந்தன.

மெக் கண் விழித்தது. ஆனால் பார்வை இல்லை. எழுந்து கதிரையில் மோதிற்று, சுவரில் மோதிற்று, பிறகு விறாந்தையில் கிடந்த மரவாங்குக்குக் கீழே போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டது. கஞ்சி வேண்டாம், பால் வேண்டாம், மீன்தண்ணி வேண்டாம். பார்வை பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று அதை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"உடம்பு தப்பீட்டுது ரீச்சர்," என்றார் வைத்தியர். "ஆனா சாப்பிடாட்டி இனி என்னாலை ஒண்டும் ஏலாது. அது விட்டிட்டுது."

ரீச்சர் வாங்குக்கு முன்னால் நெடுநேரம் குந்தியிருந்தார். நாயைக் கூப்பிடவுமில்லை, தடவவுமில்லை. அவர் முகத்தில் அப்படியொரு தோல்வியை நான் கண்டதில்லை. பிறகு பட்டிக்காரரைப் பார்த்து, "என்ரை ஆடுகளை இஞ்சை கொண்டுவாருங்கோ," என்றார்.

"எங்கை ரீச்சர்?"

"இஞ்சை. வீட்டுக்கு."

மத்தியானத்துக்குள் எங்கள் கொக்குவில் ஒழுங்கையில், இரண்டு பக்க மதிலுக்கும் நடுவே, செம்மறி வந்தது. வீட்டுக்கு வீடு கேற்றுகள் திறந்து மூடின. வளவுக்குள் மிருகம் வைத்திருப்பதற்குப் பிரதேச சபையின் விதி என்னவென்று முன்வீட்டு அக்கா என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். ஆயுளில் முதல் தடவை.

ஆடுகள் கிறவலில் நடந்து முற்றத்துக்குள் நுழைந்த சத்தம் விறாந்தைக்கு எட்டிற்று. வாங்குக்குக் கீழே ஒரு காது எழும்பியது. பிறகு தலை. மெக் வெளியே வந்தது, படியில் விழுந்தது, எழும்பியது, மறுபடி விழுந்தது. பட்டிக்காரர் தூக்க ஓடினார். ரீச்சர் கையை நீட்டித் தடுத்தார். நாய் தானே எழும்பி, மூக்கால் காற்றைத் தேடி, ஆடுகள் நின்ற பக்கம் திரும்பிற்று. கால்கள் நடுங்க மெல்ல மெல்லத் தாழ்ந்தது. முன்னங்கால் ஒன்றை மடித்தது. கழுத்தை நீட்டி, முழுக்கக் கறுத்துப்போன அந்தக் கண்களால் ஆடுகளைப் பார்த்தது.

சிதறி நின்ற ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டின. மறியாடு காலால் நிலத்தை அடித்தது.

பட்டிக்காரர் என் காதுக்குள் கேட்டார், ஆனால் அந்தத் தொண்டையில் இரகசியம் நிற்காது: "ஐயா, உதுக்குக் கண் தெரியுதோ?"

"தெரியேல்லை," என்றார் ரீச்சர். "ஆனா அது ஆட்டுக்குத் தெரியாது. கத்தாதேங்கோ."

மெக் ஓரடி வைத்தது. ஆடுகள் ஓரடி பின்னால் போயின.